நிலாவுக்கு ஒரு பல் கூடுதல்

என் கடைப் பரணில் மூன்று வருஷமாக ஒரு சூரியன் இருந்தது. கூடவே ஒரு பூமியும் ஒரு நிலாவும். கீழே பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, தவிடு, உளுந்தம் பொட்டு. கோவில்பட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர்களில் சூரியனையும் கையிருப்பில் வைத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லாம் மரம். ஆட்டுக்குட்டி ஒன்று சுருண்டு படுத்துக்கொள்ளும் அளவுக்கு வட்டமாக ஒரு பலகை. நடுவில் தேங்காய் அளவு சூரியன். அதிலிருந்து நீளும் ஒரு கையின் நுனியில் எலுமிச்சை அளவு பூமி. பூமியை ஒட்டி நெல்லிக்காய் அளவில் நிலா. பலகையின் ஓரத்தில் சித்திரை முதல் பங்குனி வரை பெயின்டில் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை ஒரு சுற்று சுற்றினால் ஒரு நாள். உள்ளே மரப்பல் சக்கரங்கள் கடக் கடக்கென்று ஒன்றை ஒன்று தள்ள, பூமி சூரியனைச் சுற்றும், நிலா பூமியைச் சுற்றும். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நேராக ஒரு கம்பி. அந்தக் கம்பிக்கு அடியில் நிலா வந்து நின்றால் அமாவாசை.

கடைக்கு வருகிற ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

"அண்ணாச்சி, அது என்ன மிஷினு? புண்ணாக்கு நொறுக்குறதா?"

"இல்ல, மாட்டக் கட்டிச் சுத்தவிட்டா பௌர்ணமி வரும்."

"வந்தா?"

"வந்தா பால் கூடக் கறக்கும். ரெண்டு மூட்டை போடட்டா?"

சிரித்துவிட்டு மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நான் மட்டும் பரணைப் பார்க்காமல் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எதற்கும் ஒரு பகடி வாயில் வந்துவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பகடிகளில் ஒன்றே ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் எதை வாங்கிக்கொள்வாய் என்று யாராவது கேட்டால், யோசிக்கவே மாட்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்தச் சூரியன் என் தங்கச்சி செய்தது. அவள் ஒரு அரசுப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வீடு இடைசெவலில். ரெண்டு பசுமாடு வைத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வந்து என் கடையில் தீவனம் வாங்கிப் போவாள். நான் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன். அவள் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை அவளிடம் சொன்னதில்லை. "டீச்சரம்மா வாராவ, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று மூட்டைகளைப் பார்த்துச் சொல்வேன். அதுதான் எனக்குத் தெரிந்த விதம்.

பிளாஸ்டிக்கில் இப்படி ஒரு மாதிரி கடையிலேயே கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் சொன்னார்களாம். அது சும்மா கையால் தள்ளுவது, நிலாவை இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம், எனக்குத் தானாக அமாவாசைக்கு வந்து நிற்கிற நிலா வேண்டும் என்று இவள் கிளம்பிவிட்டாள். அதற்குக் கணக்குப் போட்டது முழுக்க அவள்தான். நிலா பூமியைச் சுற்றி வர இருபத்தேழு நாள் சொச்சம் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நிலா சுற்றி வருவதற்குள் பூமியும் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறதே, அதை எட்டிப் பிடிக்க நிலாவுக்கு இன்னும் ரெண்டு நாள் வேண்டும், ஆகவே அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். இதை எனக்குக் கல்லாவில் வைத்து, ஒரு பருத்திக்கொட்டையையும் ரெண்டு புண்ணாக்குத் துண்டையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினாள். எனக்கே புரிந்தது. மரத்தில் அரைப் பல் வெட்ட முடியாது. அதனால் இருபத்தொன்பதரையை ரெண்டு மடங்காக்கி, நிலாவை ஓட்டுகிற பெரிய சக்கரத்துக்கு ஐம்பத்தொன்பது பல், ஒரு நாளுக்கு ரெண்டு பல் நகரும்.

சக்கரங்களைச் செய்தது கயத்தாற்றில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஒரு ஆசாரி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளே பஸ் பிடித்துப் போய், பட்டறையில் நின்று, ஒவ்வொன்றாகச் செய்து வாங்கி வந்தாள். கடைசியாக அந்தப் பெரிய சக்கரம் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து அரையாண்டுப் பரீட்சைத் தாள் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்துவிட்டது. எட்டயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஆசிரியர்கள் செய்த மாதிரிகளை வைத்துக் கண்காட்சி. அதற்கு ஒரு வாரம்கூட இல்லை.

"நான் வாங்கியாரேன். கயத்தாறு எனக்குக் கொல்லப்புறம் மாதிரி" என்றேன்.

அவள் ஒரு நீளமான காகிதப் பட்டை தந்தாள். ஐம்பத்தொன்பது கோடு போட்டு நம்பர் எழுதியது. இதை வட்டப் பலகையின் விளிம்பில் சுற்றி ஒட்டி, கோட்டுக்குக் கோடு துளை போட்டுக் குச்சி அடித்தால் சக்கரம் தயார். "பத்திரம்ணே" என்றாள். நான் அதைப் பத்திரமாகப் புண்ணாக்கு மூட்டை மேல் வைத்தேன்.

அன்று எட்டயபுரம் ஆட்டுச்சந்தை. சந்தையில் ஆடு பிடித்துக்கொண்டு திரும்பும் ஒருவர் கடை வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்தி, ஒரு கிடாயை மட்டும் இறக்கித் தூணில் கட்டிவிட்டுத் தவிடு கேட்டார். நான் நிறுத்துப் போட்டுத் திரும்பிப் பார்த்தால், கிடாயின் வாயில் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது தொங்கிக்கொண்டிருந்தது. மீதி உள்ளே போய்விட்டது.

"ஏலே, துப்புலே!" என்று நான் கிடாயிடம் சொன்னேன்.

அவர் பதறிப்போனார். "அண்ணாச்சி, அதுல விஷம் கிஷம் ஒண்ணும் இல்லையே?"

"நிலா இருக்குவே அதுல!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கிடாயை ஏற்றிக்கொண்டு சீக்கிரமாகப் போய்விட்டார்.

இதை அப்போதே தங்கச்சியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், "மூட்டை மேல வச்சியாக்கும்?" என்று ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, எனக்குத்தான் நம்பர் தெரியுமே என்று ஆசாரிக்குப் போனைப் போட்டேன்.

"அம்பத்தொம்பதா?" என்றார் அவர். "காகிதம் தாரேன்னுல்லா டீச்சரம்மா சொன்னாவ?"

"காகிதம் வராது. நம்பர் மட்டும்தான்."

"அண்ணாச்சி, அறுபதுன்னா பாகைமானிய வச்சி ஆறு ஆறு டிகிரியா புள்ளி குத்திட்டுப் போயிருவேன். அம்பத்தொம்பத நான் எப்படிப் பங்கு வைக்க? லாரிக்காரன் வேற தலைமாட்டுல நிக்கான்."

இந்த இடத்தில் என் கடைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் தராசு முள் நின்ற பிறகு ஒரு கை அள்ளிப் போடுவோம். இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்து, நம்பர் சிவப்பாக எரிகிறது. ஆனாலும் அந்த ஒரு கை போகும். போடாவிட்டால் வருகிறவர்கள் பையைக் கட்டாமல் நின்றுகொண்டே இருப்பார்கள். குறைத்துக் கொடுத்தால்தான் தப்பு, கூடக் கொடுத்தால் எவனும் திரும்பி வந்து சண்டை போட மாட்டான் என்பதுதான் நான் படித்த ஒரே படிப்பு.

"அறுபதே போடும் ஆசாரியாரே. ஒண்ணு கூடப் போனா நிலாவுக்கு என்ன நட்டம்? ஒரு கை அள்ளிப் போட்டதா இருக்கட்டும்" என்றேன்.

ஆசாரி சிரித்தார். நானும் சிரித்தேன்.

சக்கரம் கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அதுவும் என்னால்தான். போய் எடுத்து வர எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்து, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அதை மாட்டினாள். கைப்பிடியை ஒரு மாதத்துக்குச் சுற்றினாள். நிலா கம்பிக்கு அடியிலிருந்து கிளம்பி, கம்பிக்கு அடிக்கே வந்தது. வந்த மாதிரிதான் இருந்தது. நெல்லிக்காய் அளவு நிலாவில் அரை நாள் பிசகு யார் கண்ணுக்குத் தெரியும்?

"அண்ணே, பல்லு எண்ணிட்டியா? அம்பத்தொம்பதுதான?"

"எம்பல்லவிட ஜாஸ்தி இருக்கு, போதுமா?"

"வெளையாடாத. எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்ட்டி."

அவள் அடிப்பலகையைத் திருகி மூடினாள்.

மறுநாள் எட்டயபுரத்துக்கு என் லோடு ஆட்டோவில்தான் போனோம். மண்டபத்தில் வரிசையாக மேஜைகள். தெர்மோகோல் எரிமலை, பாட்டில் மூடியில் செய்த இதயம், வயிற்றைத் திறந்தால் குடல் தெரிகிற அட்டை மனுஷன். நடுவில் மரத்தில், வார்னிஷ் மின்ன, இவளுடைய சூரியன். பார்வையிட வந்த அதிகாரி மற்ற மேஜைகளில் ஒரு நிமிஷம் நின்றார். இங்கே வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் பின்வரிசையில் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் நிலாவைத் தை அமாவாசையில் நிறுத்தி, எல்லாவற்றையும் விளக்கினாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் தெளிவாகச் சொன்னாள். அவர் கேட்டார்: "தானா வந்து நிக்கும்னு சொல்றீங்க. சரி, தீபாவளி அமாவாசைக்குக் கொண்டு போங்க, பாப்போம்."

அவள் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று ஒரு நாள். மாசி போச்சு, பங்குனி போச்சு. கடக் கடக்கென்று ஒரே தாளம். சுற்றி நின்ற டீச்சர்கள் மாதத்தை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆடி என்றபோது ஒருவர், "தள்ளுபடி போட்டாச்சா?" என்றார். எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். புரட்டாசி முடிந்து ஐப்பசி வந்தது. அமாவாசை நாளில் அவள் கையை எடுத்தாள்.

நிலா கம்பிக்கு அடியில் இல்லை. நாலு விரல் தள்ளி, ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே நின்றுவிட்ட பஸ் மாதிரி நின்றது.

கணக்கு எனக்கு வாயில் முறுக்கு இருக்கும்போதே வந்துவிட்டது. கடைக்காரன் இல்லையா? மாதத்துக்கு அரை நாள். ஒன்பது மாதம். நாலரை நாள். ஒரு பல். அந்த ஒரு பல்.

மண்டபத்தில் ஒரு நொடி யாரும் பேசவில்லை. அவள் கைப்பிடியையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எங்காவது நாலு பேர் வாய் மூடி நின்றால் எதையாவது சொல்லி அந்த வாயைத் திறக்க வைத்தாக வேண்டும் எனக்கு. நான் அப்போது சொல்லியிருக்க வேண்டியது, "சார், அந்தச் சக்கரம் நான் வாங்கியாந்தது, ஒரு பல்லு கூட இருக்கு." பதினைந்து விநாடி வேலை. நான் சொன்னது வேறு.

"ஒண்ணுமில்ல சார், நிலாவுக்கு இன்னும் தீபாவளி போனஸ் போடல. வாங்கிட்டு நாலு நாள்ல வந்துரும்."

தீப்பெட்டி ஆபீஸில் போனஸ் எப்போது வரும் என்று ஐப்பசி முழுக்க அதையே பேசுகிற ஊர் இது. மண்டபமே அதிர்ந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். குடல் தெரியும் அட்டை மனுஷனைக் கொண்டுவந்த டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாரோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பெரிய சிரிப்பை நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நொடி எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

தங்கச்சியும் சிரித்தாள். உதடு மட்டும். கை கைப்பிடியிலேயே இருந்தது.

அதிகாரி போகும்போது அன்பாகத்தான் சொன்னார். "நிலா சுத்துறது இருபத்தேழு நாள்னுதானே புத்தகத்துல இருக்கு? நீங்க இருபத்தொன்பதரைன்னு எடுத்ததுல எங்கேயோ குழப்பிட்டீங்க டீச்சர். திரும்பப் பாருங்க."

திரும்பும்போது அவள் பூமியைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். இரண்டு பக்கமும் கரிசல். சோளம் ஒரு பக்கம், பருத்தி ஒரு பக்கம்.

"இருபத்தேழுதான் போடணும் போலண்ணே. பூமி நகருதுன்னு நானா ஒண்ண நெனச்சுக்கிட்டேன். எனக்கு அவ்வளவுதான் புரிஞ்சிருக்கு."

எட்டயபுரத்திலிருந்து வீடு வந்து சேர அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும், மண்டபத்தில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம் என் வாயில் இருந்தது.

"விடுட்டி. நிலா எங்க போயிரப் போவுது" என்றேன்.

வீடியோ டீச்சர்களின் வாட்ஸப் குழுக்களில் போனது. என் குரல் அதில் கணீரென்று கேட்கும். எனக்கே ரெண்டு பேர் அனுப்பினார்கள், சிரிக்கிற பொம்மை போட்டு.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. தீக்குச்சியில் கோபுரம், சைக்கிள் டியூபில் நுரையீரல் என்று எதையாவது செய்துகொண்டே இருந்தவள், செய்வதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான். கிரகணப் பாடம் வந்தால் பிள்ளைகளையே எழுந்து வாசிக்கச் சொல்வதாக ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று அந்த மாதிரியை என் கடைக்கே கொண்டுவந்தாள். "ஒன் பரண்ல கெடக்கட்டும்ணே. எரிக்க மனசு வரல."

நான் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, அதை இறக்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு பல்லை வாளால் அறுத்து எடுத்தேன். அறுபதில் ஒன்று போனால் ஐம்பத்தொன்பதுதானே? சுற்றினேன். பல் போன இடம் வந்ததும் நிலா நின்றது. பிறகு விக்கல் எடுத்த மாதிரி ஒரு துள்ளு. திரும்பச் சுற்றினால் திரும்பவும் விக்கல். கூட வைத்துவிட்டால் வைத்ததுதான், எடுக்க முடியாது என்று அன்றுதான் தெரிந்தது. அறுத்த பல்லைப் பசை போட்டு ஒட்டிப் பழையபடி பரணில் ஏற்றினேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அவள் தீவனம் வாங்க வந்திருந்தாள். நான் பருத்திக்கொட்டையை நிறுத்துவிட்டு, வழக்கம்போல அந்த ஒரு கையை அள்ளியபோது அவளுக்குப் போன் வந்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து. புதிதாக வந்திருக்கும் அதிகாரி பேசினார் போல. அறிவியல் டீச்சர்களுக்குப் பயிற்சி வகுப்பு, நிலா, கிரகணம் பாடத்தை நடத்த நீங்கள் வருகிறீர்களா, திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்கிறார்.

"இல்ல சார். எனக்கு அந்தப் பாடம் சரியா வராது. வேற யாரையாச்சும் போடுங்க."

சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் கடையில் எள்ளுப் புண்ணாக்கு இல்லை என்று நான் சொல்வேனே, அந்த மாதிரி. போனைப் பையில் போட்டுவிட்டு, "என்னண்ணே அப்படியே நிக்க? போடு" என்றாள். என் கையில் பருத்திக்கொட்டை அப்படியே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றி ஒரு தவிட்டுச் சாக்கில் போட்டுக்கொண்டு இடைசெவலுக்குப் போனேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். வந்ததெல்லாம் பகடியாகவே வந்தது. ஒரு ஆட்டைப் பற்றி ஒன்று, ஆசாரியைப் பற்றி ஒன்று. எனக்கு வேறு பாஷை தெரியவில்லை.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சாக்கைப் பிரித்துச் சக்கரத்தைக் கல் மேல் வைத்தேன்.

"இது எதுக்கு இங்கன?"

"எண்ணு."

"என்னது?"

"பல்ல எண்ணுட்டி."

என் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் ஒரு சாக்பீஸ் எடுத்துவந்தாள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு புள்ளி வைத்து, உதடு அசைய எண்ணினாள். முடித்துவிட்டு, எதிர்ப்பக்கமாகத் திரும்பவும் எண்ணினாள். மாடு வாளியைக் கவிழ்த்துவிட்டது. அவள் பார்க்கவில்லை.

"அறுபது" என்றாள்.

நான் ஆடு காகிதத்தைத் தின்றது, போன் போட்டது, ஆசாரி கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டைச் சொல்லும்போது வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அந்தக் காகிதம் போனா என்ன?" என்றாள். "பலகையோட சுத்தளவே அம்பத்தொம்பது சென்டிமீட்டர்ணே. அதுக்குத்தான் அப்படி வெட்டச் சொன்னேன். தையக்கடை டேப்ப ஒரு சுத்து சுத்தி, சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வச்சாப் போதும். எங்கிட்ட ஒரு போன் போட்டிருந்தா அஞ்சு நிமிசம்."

அவள் சாக்பீஸைக் கல் மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"அங்கன நிக்கும்போதே தெரிஞ்சு போச்சு."

"எங்க நிக்கும்போது?"

"எட்டயபுரத்துல. நிலா தள்ளி நின்னுச்சே, அப்பவே."

"அப்பவேன்னா, அந்தப் போனஸ் பேச்சுக்கு முன்னயா, பின்னயா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும்.

"முன்ன" என்றேன்.

அவள் கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள்.

"பல்லு கூடப் போனது கூடச் சரிண்ணே. யாருக்குந்தான் தப்பு வரும். எல்லாரும் சிரிச்சாவ, அவியளுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டு நீ சிரிக்க வச்சிருக்க. மூணு வருசமா ஒரு சின்னக் கூட்டலப் போட்டாக்கூட ரெண்டு தடவ பாக்கேன். இருபத்தொம்பதரை சரிதானா சரிதானான்னு எத்தன நாள் போட்டுப் பாத்திருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் வந்துச்சு. சரியா வருதே, ஆனா நிலா வரலியேன்னு என் மண்டைக்குள்ளதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

"என்னய நாலு அடி அடிச்சிரு."

"வெளையாடாத."

விளையாடவில்லை. ஆனால் நான் எதைச் சொன்னாலும் அது விளையாட்டாகத்தான் கேட்கிறது. அதை நானே சம்பாதித்தேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் வாசலிலேயே நின்றேன். மாடு ரெண்டும் என்னையே பார்த்தன. என் கடைப் பருத்திக்கொட்டையைத் தின்று வளர்ந்த மாடுகள்தான். ஒரு ஆதரவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கையில் போனோடும் டேப்போடும் வெளியே வந்தாள். போனில் பேசிக்கொண்டே வந்தாள்.

"ஆமா சார், நேத்து வராதுன்னு சொன்னேன். இப்ப வருது சார். பேரப் போட்டுக்கோங்க. ... ஆமா சார். எங்கூட எங்கண்ணனும் வருவான். ... இல்ல, டீச்சர் இல்ல சார். அவனுக்கு அங்கன ஒரு வேல இருக்கு."

எனக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. டேப்பை என் கையில் கொடுத்து, "கயத்தாறு போ. நீயே பக்கத்துல நின்னு புள்ளி வைக்கச் சொல்லு. வாய்விட்டு எண்ணு" என்றாள்.

ஆசாரி என்னைக் கண்டதும், "என்ன அண்ணாச்சி, நிலாவுக்கு இன்னும் ஒரு கை அள்ளிப் போடணுமா?" என்றார். அவர் மறக்கவே இல்லை. நான் டேப்பைச் சுற்றி, ஒன்று, ரெண்டு என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி எண்ணினேன். ஐம்பத்தொன்பதில் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் தம் இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்தன. அதற்கு நிஜமாகவே ஐந்து நிமிஷம்தான் ஆனது.

பயிற்சி வகுப்பு கோவில்பட்டியிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. நாற்காலி நிறைய டீச்சர்கள். தங்கச்சி மாதிரியை மேஜையில் வைத்தாள். உள்ளே மாட்டியிருந்தது பழைய சக்கரம், அறுபது பல். "சுத்து" என்றாள் என்னைப் பார்த்து. தையிலிருந்து ஐப்பசி வரை நான் சுற்றினேன். இருநூற்று அறுபத்தைந்து சுற்று. மூட்டை தூக்குகிற கைதான், ஆனாலும் ஆவணியில் வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஐப்பசியில் கையை எடுத்தேன். நிலா அதே நாலு விரல் தள்ளி நின்றது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். வீடியோவைப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

"டீச்சர், இந்த வருசமும் நிலாவுக்கு போனஸ் போடலியா?"

மண்டபம் சிரித்தது. நான் பெற்ற பிள்ளை மாதிரி அந்தப் பகடி என்னைத் தேடி வந்து முன்னால் நின்றது. தங்கச்சி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்கு இங்கே என்ன வேலை என்று அப்போதுதான் விளங்கியது.

"அந்தப் பேச்சுப் பேசுனது நான்தான்" என்றேன். "நான் இவ அண்ணன். டீச்சர் போட்ட கணக்கு சரி. பல்லு அம்பத்தொம்பதுன்னு சொல்லி விட்டா. நான் அறுபது போட்டு வாங்கியாந்தேன். எண்ணிட்டியான்னு கேட்டதுக்கு எண்ணிட்டேன்னு பொய் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சப்பறம் அத மறைக்கத்தான் அந்தப் பகடி."

சிரிப்பு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. கேள்வி கேட்டவர் குனிந்து பேனாவைத் தேட ஆரம்பித்தார். அந்த அமைதியில் சொல்ல எனக்கு மூன்று பகடி தோன்றியது. மூன்றையும் விழுங்கினேன். நல்லதுகள்தான்.

தங்கச்சி அடிப்பலகையைத் திருகித் திறந்து, சக்கரத்தை மாற்றினாள். "திரும்பச் சுத்து. எண்ணிக்கிட்டே சுத்து." இன்னொரு இருநூற்று அறுபத்தைந்து. ஐப்பசியில் நிலா கம்பிக்கு அடியில் வந்து நின்றது. கைதட்டல் எல்லாம் இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மா மட்டும், "ஆனா டீச்சர், புத்தகத்துல இருபத்தேழுன்னுல்லா போட்டிருக்கு?" என்று கேட்டார்.

தங்கச்சி அந்த அம்மாவை எழுந்து வரச் சொல்லி பூமியாக நிறுத்தினாள். இன்னொருவரை நிலாவாக்கி நடக்கவிட்டாள். சூரியனாக ஒரு நாற்காலி. பூமியை ரெண்டு எட்டு நகரச் சொன்னாள். "இப்ப நிலா ஒரு சுத்து முடிச்சாச்சு. ஆனா நாற்காலிக்கு நேரா வந்தாச்சா? வரலல்லா? இன்னும் எவ்வளவு நடக்கணும்?" அவள் குரல் நடுங்கவே இல்லை. என்னை மறந்துவிட்டாள். நான் மூலையில் ஒரு நாற்காலியில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாதிரி இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அறுபது பல் சக்கரத்தை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அது பரணில் இருக்கிறது, சாக்பீஸ் புள்ளிகளோடு.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். வந்தாள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். ஊரில் வேறு தீவனக் கடைகளும் இருக்கின்றன. மாடு கன்று போட்டதைச் சொன்னாள். அடுத்த வாரம் கயத்தாறு பக்கம் ஒரு பயிற்சி வகுப்பு என்றாள். நான் "டீச்சரம்மா வாராவ" என்று மூட்டைகளை எழுப்பவில்லை. பருத்திக்கொட்டையை நிறுத்தேன். சிவப்பு நம்பர் ஓடி நின்றது. வழக்கம்போல ஒரு கை அள்ளி அவள் பைக்கு நேரே கொண்டுபோனேன்.

அவள் பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கோபமாக இல்லை. மெதுவாகத்தான் மூடினாள்.

"நம்பர் நின்னுருச்சுல்லண்ணே. அது போதும்."

பையைக் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த ஒரு கைப் பருத்திக்கொட்டையைத் திரும்ப மூட்டையில் போட்டேன். ரெண்டு மூன்று கொட்டை பஞ்சோடு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, உதறியும் விழவில்லை.